எது செல்வம்?

நட்டாலத்தில் 1712-இல் பிறந்த நீலகண்ட பிள்ளைக்கு என்ன குறை? மார்த்தாண்ட வர்மா மன்னரின் அரண்மனையில் உத்தியோகம், நிலபுலன், ஊரில் மதிப்பு! ஆயினும் பொருள் நட்டங்களால் மனம் சோர்ந்திருந்தார். குளச்சல் போரில் சிறைப்பட்டுப் பின் மன்னரின் படைத்தளபதியான டிலனாய், அவருக்கு யோபுவின் வரலாற்றைச் சொன்னார்.

தோழியரே, இங்கே சற்று நின்று சிந்திப்போம். போனவை திரும்பி வரும் என்றா அவர் வேதத்தில் சேர்ந்தார்? 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனபின், இருந்ததும் போயிற்று. பதவி பறிபோனது, எருமை மீது ஏற்றி ஊர் ஊராக அடித்துக் கொண்டு போனார்கள். அவரோ செபத்தை விடவில்லை. தம்மைக் காண வந்தோருக்கு அவரே ஆறுதல் கூறினார்! 1752 சனவரி 14-இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார்.

கோட்டாறு சவேரியார் பேராலயத்தில் அவர் கல்லறை இருக்கிறது. அவரிடம் போய்ப் பரீட்சை மதிப்பெண் மட்டும் கேட்க எனக்குக் கூச்சமாயிருக்கிறது.