‘எனக்கு ஒன்னும் ஆகாது’: லோரி ஓட்டுநருக்கும் முதலாளிக்கும்

ஜி.டி.எல். உரிமம் எடுத்துவிட்டு லோரி வேலை தேடும் இளைஞருக்கு ஆயர் ஈத்தாம் தோதான இடம். ஜோகூர் பாருவிலிருந்து கோலாலம்பூர் போகும் கூட்டரசுச் சாலை 1-உம், பத்து பகாட்டிலிருந்து குளுவாங் வழியாக மெர்சிங் போகும் கூட்டரசுச் சாலை 50-உம் இந்த ஊரில்தான் வெட்டிக்கொள்கின்றன. பக்கத்திலேயே வடக்கு தெற்கு நெடுஞ்சாலைக்கு ஏறும் வழி. செம்பனை, பீங்கான், தளவாடம், துறைமுகத்துக்குப் போகும் கொள்கலன் என்று இரவு பகலாகச் சரக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது.

இங்கே வேலை கிடைத்துவிடும். அதே வேலையில் பத்து வருஷம் நிலைப்பதுதான் பாடு. நிலைக்க விடாத காரணங்களில் ஒன்றைப் பற்றி நம் வீடுகளில் வாய் திறப்பதே இல்லை. போதைப்பொருளை எடுத்துவிட்டு வண்டி ஓட்டுவதைத்தான் சொல்கிறேன்.

சட்டத்தை முதலில் பார்த்துவிடுவோம். 1987-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் 2020-இல் கடுமையாகத் திருத்தப்பட்டு, அந்த ஆண்டு அக்டோபர் 23 முதல் நடப்பில் இருக்கிறது. திருத்தத்தைக் கொண்டுவந்தபோது போக்குவரத்து அமைச்சராக இருந்தவர் டத்தோஸ்ரீ வீ கா சியோங். ஆயர் ஈத்தாம் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரும் அவர்தான். மதுவின் பிடியிலோ போதைப்பொருளின் பிடியிலோ வண்டி ஓட்டி ஓர் உயிரைப் பறித்தால், முதல் குற்றத்துக்கே 10 முதல் 15 ஆண்டு வரை சிறை. அதோடு 50,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம். குறைந்தது 10 ஆண்டுகளுக்கு உரிமம் கிடையாது. ஓட்டுவதையே தொழிலாக வைத்திருப்பவருக்கு அந்தக் கடைசித் தண்டனை மட்டுமே போதும், குடும்பம் தெருவுக்கு வந்துவிடும். யார் மீதும் மோதாவிட்டாலும் கதை முடிந்துவிடாது. சிறுநீர் சோதனையில் மாட்டினால் 1952-ஆம் ஆண்டின் அபாயகரமான போதைப்பொருள் சட்டம், 15-ஆவது பிரிவின்படி தனியாக வரும். 5,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது இரண்டு ஆண்டு வரை சிறை.

இதெல்லாம் ஓட்டுநர்களுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் எடுக்கிறார்கள் என்றால், அந்த நேரத்தில் மனம் வேறு ஒரு கணக்குப் போடுகிறது. அந்தக் கணக்கை முன்கூட்டியே கண்டுபிடிக்கக் கற்றுக்கொள்வது, வண்டியை ரிவர்ஸ் எடுக்கக் கற்பதைப் போலவே தொழிலுக்கு அவசியம் என்று நான் நம்புகிறேன்.

தப்பித்த அனுபவம்

‘போன வாரமும் எடுத்தேன், ஒன்னும் ஆகலையே.’ ஆபத்தான எண்ணங்களில் முதல் இடம் இதற்குத்தான். ஸ்டாஃபோர்ட், வார் என்ற இரு குற்றவியல் அறிஞர்கள் 1993-இல் எழுதிய கட்டுரை ஒன்றில் இதைத் தெளிவாக எடுத்துச் சொன்னார்கள். தண்டனை பற்றிய பயம் சட்டப் புத்தகத்திலிருந்து மட்டும் வருவதில்லை. நாம் தண்டிக்கப்பட்டோமா, தப்பித்தோமா, நமக்குத் தெரிந்தவர்கள் மாட்டினார்களா, தப்பித்தார்களா என்ற நான்கு அனுபவங்களும் சேர்ந்துதான் அந்தப் பயத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்கின்றன. இவற்றில் தப்பித்த அனுபவம் பலமானது. ஷாபு இழுத்துவிட்டு யோங் பெங் வரை போய் வந்தவர் எங்கும் மோதவில்லை, சாலைத் தடுப்பில் யாரும் நிறுத்தவில்லை என்றால், அடுத்த முறை கை நடுங்காது. அதற்கடுத்த முறை யோசனையே வராது.

இதில் ஒரு சூழ்ச்சி இருக்கிறது. நூறு தடவை எதுவும் நடக்காமல் போகலாம். நூற்றோராவது தடவை முன்னால் போகும் மோட்டார் சைக்கிள் திடீரென்று வலப்பக்கம் திரும்பும்போதுதான், உங்கள் கண்ணும் காலும் எவ்வளவு தாமதமாக வேலை செய்கின்றன என்பது தெரியும். வெறும் சாலையில் நேராக ஓட்டியதை வைத்து நம் திறமையை அளக்க முடியாது. பல வருஷம் ஓட்டிய மூத்தவர்களிடம் இந்த எண்ணம் இன்னும் கெட்டியாக உட்கார்ந்திருக்கும், ஏனென்றால் அவர்கள் தப்பித்த கணக்கும் பெரியது. அனுபவசாலியை யாரும் கேள்வி கேட்கவும் மாட்டார்கள்.

இதன் கூடப் பிறந்த எண்ணம் ஒன்று உண்டு: ‘எடுத்தாத்தான் எனக்கு ஸ்டெடியா ஓட்ட வரும்.’ ஷாபு, பில் குடா போன்றவை மூளையைத் தட்டி எழுப்பும் வகை. எடுத்தவருக்குத் தான் மிகக் கூர்மையாக இருப்பதாகவே தோன்றும். அந்தத் தோற்றத்தைத் தருவதும் அந்தப் பொருள்தான். வேகம் கூடும், அவசரம் கூடும், முன்னால் போகிறவர் மீது எரிச்சல் வரும். கஞ்சா எடுத்தவர் வேறு மாதிரி சொல்வார்: ‘நான் மெதுவாத்தான் போறேன், என்ன ஆபத்து?’ மெதுவாகப் போனாலும் தூரத்தைக் கணிப்பதும், தடத்தில் நேராக நிற்பதும், ஒரே நேரத்தில் இரண்டு விஷயங்களைக் கவனிப்பதும் தடுமாறும். உங்கள் நிலையைப் பற்றி நீங்களே தீர்ப்புச் சொல்ல முடியாத நேரம் அது.

தூக்கமும் டிரிப் கூலியும்

லோரி ஓட்டுநர் போதைக்குப் போவது பெரும்பாலும் கேளிக்கைக்காக என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். கிளர்ச்சியைத் தேடும் சுபாவம் ஒரு காரணம்தான், குறிப்பாக இளவயதில். ஆனால் இந்தத் தொழிலில் பலர் அதைத் தொடங்குவது விழித்திருக்க வேண்டும் என்பதற்காக. லோரி ஓட்டுநர்களின் போதைப் பழக்கம் பற்றிப் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளை பிரேசில் ஆய்வாளர்கள் திரட்டி 2014-இல் வெளியிட்டார்கள். இளவயது, நீண்ட பயணம், இரவு ஓட்டம், குறைந்த ஓய்வு, செய்த வேலையின் அளவுக்கு ஏற்ற கூலி ஆகியவை பழக்கத்தோடு சேர்ந்தே காணப்பட்டன. கவனியுங்கள், இதில் பாதிக்கு மேல் ஓட்டுநரின் குணம் அல்ல, வேலையின் அமைப்பு.

‘தம்பி, இன்னிக்கு ராத்திரி இன்னொரு டிரிப் போட முடியுமா? டபுள் காசு தர்றேன்.’ அடிப்படைச் சம்பளம் குறைவு, டிரிப்புக்குத்தான் காசு என்றால் இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் வரும். மாதத் தவணையும் பிள்ளைகளின் பள்ளிச் செலவும் கண்முன் நிற்கும்போது மனம் தூக்கத்தை எதிரியாகப் பார்க்கத் தொடங்குகிறது. அந்த நிமிஷத்தில் யாராவது ஒரு மாத்திரையை நீட்டினால், அது மருந்தாகத் தெரியும்.

ஆஸ்திரேலியாவின் டாசன், ரீட் என்ற இருவர் 1997-இல் செய்த சோதனையை ஒவ்வொரு ஓட்டுநரும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கையும் கவனமும், 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 50 மில்லி கிராம் மது உள்ளவரைப் போல மந்தமாகிவிட்டன. 2020 திருத்தத்துக்குப் பிறகு மலேசியாவில் மதுவுக்குச் சட்டம் வைத்திருக்கும் எல்லையும் அதே 50 மில்லி கிராம்தான். காலை ஆறு மணிக்கு எழுந்தவர் இரவு பதினொன்றுக்கு வண்டியை எடுத்தால், ஒரு சொட்டுக் குடிக்காமலேயே அந்த எல்லையில் நிற்கிறார்.

ஷாபு இந்தக் களைப்பைப் போக்குவதில்லை. வட்டிக்காரனிடம் வாங்கிய கைமாற்றைப் போல, தூக்கத்தை இன்றைக்குத் தள்ளிவைத்துவிட்டு நாளைக்குச் சேர்த்துப் பிடுங்கிக்கொள்ளும். வீரியம் இறங்கும்போது வரும் தூக்கம் சாதாரணக் கண்ணயர்வு அல்ல, அடித்துப் போட்டது போல விழுவது. அது எப்போது வரும் என்று எடுத்தவராலும் சொல்ல முடியாது. விடியற்காலை இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையே உடம்பே தூங்கக் கேட்கும் நேரம். 2016 டிசம்பர் 24-ஆம் தேதி ஜோகூர் பாருவிலிருந்து கோலாலம்பூருக்குப் போன விரைவுப் பேருந்து பாகோ அருகே பள்ளத்தில் பாய்ந்து 14 பேர் இறந்ததும் ஒரு விடியற்காலையில்தான். அதற்குப் போதை காரணம் என்று சொல்ல வரவில்லை. அந்த நேரம் எப்படிப்பட்டது என்பதற்காகச் சொல்கிறேன்.

தூக்கத்துக்கு மாற்று தூக்கம்தான். மாச்சாப்பிலோ பாகோவிலோ உள்ள ஓய்வுப் பகுதியில் வண்டியை நிறுத்துங்கள். ஒரு கோப்பி குடித்துவிட்டு உடனே இருபது நிமிஷம் கண்ணை மூடுங்கள். கோப்பி வேலை செய்ய ஏறக்குறைய அரை மணி ஆகும் என்பதால், எழும்போது இரண்டும் சேர்ந்து கைகொடுக்கும். இதுவும் ஓரிரு மணி நேரத்துக்குத்தான். அதற்கு மேல் தேவைப்பட்டால் அந்த டிரிப்பை அன்றைக்கு முடிக்கக் கூடாது என்று அர்த்தம்.

கூட்டாளிகள், வீட்டுக் கவலை

‘எல்லாரும் எடுக்கிறாங்க’ என்ற எண்ணத்துக்கு உண்மை தேவையில்லை, நாலு பேர் போதும். லோரிகள் வரிசையாக நிற்கும் இடத்தில் புதிதாக வந்த கெலிண்டானுக்கு (ஓட்டுநரின் உதவியாளுக்கு) அந்த நாலு பேர்தான் உலகம். மறுத்தால் ‘பயந்தாங்கொள்ளி’ என்ற பேர் வந்துவிடுமோ என்ற கூச்சம் அவனுக்கு. கூச்சத்தை அந்த இடத்தில் போய் யோசித்துச் சமாளிக்க முடியாது. பதிலை வீட்டிலேயே தயார் செய்துகொண்டு போக வேண்டும். ‘இப்படி நடந்தால் நான் இப்படிச் செய்வேன்’ என்று முன்பே முடிவு செய்தவர்கள் சொன்னபடி நடப்பது அதிகம் என்பதை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் நிறைய சோதனைகளில் காட்டியிருக்கிறார். ஆகவே, ‘அண்ணே, எனக்கு ஜி.டி.எல். புதுப்பிக்கணும், வேணாம்ணே’ என்ற ஒரு வரியை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். சண்டையும் இல்லை, உபதேசமும் இல்லை. உரிமத்தைக் காரணம் காட்டினால் எந்த ஓட்டுநருக்கும் புரியும்.

மனச்சோர்வு இன்னொரு வாசல். வாரக்கணக்கில் பிள்ளைகள் முகம் பார்க்காதவர், கடன்காரர் தொலைபேசிக்குப் பயந்தவர், மனைவியோடு பேச்சு நின்றுபோனவர் எல்லாம் தனியாக ஒரு கேபினில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆண்பிள்ளை அழக்கூடாது என்று வளர்த்த வீடுகளில் இருந்து வந்தவர்கள் இவர்கள். போதை அவர்களுக்குக் கொண்டாட்டம் அல்ல, வலியை மறக்க ஒரு வழி. பல நாள் தூக்கமின்மை, காரணமில்லாத கோபம், ‘நான் இருந்தா என்ன, போனா என்ன’ என்ற பேச்சு தென்பட்டால், கூட வேலை செய்பவர்களே, ஒதுங்கிப் போகாதீர்கள். சுகாதார அமைச்சின் ஹீல் மனநல உதவி எண் 15555. அதை உங்கள் கைப்பேசியிலிருந்தே அடித்துக் கொடுங்கள்.

மருந்துக்கடைச் சாமான்களையும் மறக்காதீர்கள். சளிக்கும் அரிப்புக்கும் தரும் சில மாத்திரைகள் நல்ல தூக்கம் தரும். கோடீன் கலந்த இருமல் மருந்து சிறுநீரில் மார்ஃபினாகத் தெரியக்கூடும். ‘லோரி ஓட்டுறேன்’ என்று மருத்துவரிடம் முதலிலேயே சொல்லி, மருந்துச்சீட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கெத்தும் நீரை ‘இலைச்சாறுதானே’ என்று குடிப்பவர்களும் இருக்கிறார்கள். அதில் உள்ள மித்ராஜினின் நஞ்சுச் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது.

முதலாளிக்கு

ஐந்து லோரி வைத்திருக்கும் சிறு முதலாளிகளுக்கு இந்தப் பகுதி. மாட்டினவனை வேலையை விட்டு அனுப்பிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். அடுத்து வருபவருக்கும் அதே டிரிப் கணக்கு, அதே தூக்கமில்லாத இரவு என்றால், அதே மாத்திரை அவரையும் தேடி வரும். 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தில் செய்த திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளது. ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவரை நியமிக்க வேண்டும். எத்தனை பேர் இருந்தாலும் வேலையில் உள்ள அபாயங்களை மதிப்பிட வேண்டும். களைத்த ஓட்டுநர் அந்த மதிப்பீட்டின் முதல் வரியில் வர வேண்டியவர். உடனடி ஆபத்து இருப்பதாக முதலாளியிடம் சொல்லியும் அவர் எதுவும் செய்யாவிட்டால், வேலையிலிருந்து விலகி நிற்கும் உரிமையையும் தொழிலாளிக்கு இந்தத் திருத்தம் கொடுத்திருக்கிறது. வேலையிடத்தில் போதை ஒழிப்புக்கான நடத்தை நெறியை மனிதவள அமைச்சு 2005-லேயே வெளியிட்டிருக்கிறது. அதைத் தழுவி ஒரு பக்கக் கொள்கையைத் தமிழிலும் மலாயிலும் எழுதி அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள். சோதனை எப்போது, யார் எடுப்பார்கள், முடிவு யாருக்குத் தெரியும், முதல் முறை மாட்டினால் சிகிச்சைக்கு எத்தனை நாள் விடுப்பு என்று அதில் இருக்கட்டும். சோதனை முதலாளியின் மச்சானுக்கும் உண்டு என்று தெரிந்தால்தான் மற்றவர்கள் மதிப்பார்கள்.

அடிப்படைச் சம்பளத்தைக் கொஞ்சம் ஏற்றி டிரிப் காசின் பங்கைக் குறைத்துப் பாருங்கள். ‘இன்னிக்கு முடியாதுங்க, தூக்கம் வருது’ என்று ஓர் ஓட்டுநர் சொன்னால், மறுவாரம் அவருடைய நல்ல டிரிப்புகளைப் பறிக்காதீர்கள். ஒருமுறை பறித்தால் போதும், அப்புறம் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள்.

ஏற்கெனவே பழக்கம் இருந்தால்

பண்டிகை நெருங்கும்போது ஜே.பி.ஜே. எனப்படும் சாலைப் போக்குவரத்துத் துறையும் போலீசும் ஏ.ஏ.டி.கே. எனப்படும் தேசியப் போதைப்பொருள் தடுப்பு நிறுவனமும் சேர்ந்து பேருந்து நிலையங்களிலும் நெடுஞ்சாலைகளிலும் சிறுநீர் சோதனை நடத்துவது வழக்கம். ‘முந்தாநாள்தானே எடுத்தேன்’ என்ற கணக்கு அங்கே உதவாது. ஷாபு சில நாட்கள் வரை சிறுநீரில் தெரியும். அடிக்கடி கஞ்சா எடுப்பவருக்கு அது வாரக்கணக்கிலும் தங்கும். சோதனைக்குப் பயந்து வழி மாற்றி ஓட்டுவதை விட, மாட்டுவதற்கு முன்பே உதவி கேட்பது மேல். தானாக முன்வந்து சிகிச்சை கேட்பதற்கு 1983-ஆம் ஆண்டின் போதைப்பித்தர் சிகிச்சை, மறுவாழ்வுச் சட்டத்தின் 8-ஆவது பிரிவு வழி வைத்திருக்கிறது. ஏ.ஏ.டி.கே.-யின் மாவட்ட அலுவலகத்துக்கு ஆயர் ஈத்தாம்காரர்கள் பத்து பகாட் போகலாம், அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவையும் நாடலாம். தனியாகப் போகத் தயங்கினால் அண்ணனையோ நம்பிக்கையான கூட்டாளியையோ அழைத்துப் போங்கள். எந்தப் பொருள், எவ்வளவு நாளாக, கடைசியாக எப்போது எடுத்தீர்கள், இரவில் எத்தனை மணி நேரம் ஓட்டுகிறீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் முதல் சந்திப்பிலேயே வேலை நடக்கும். சிகிச்சை முடியும் வரை இரவு ஓட்டத்திலிருந்து மாற்றிக் கிடங்கிலோ பகல் நேர உள்ளூர் ஓட்டத்திலோ போடச் சொல்லி முதலாளியிடம் கேளுங்கள். கேட்கும்போது மருத்துவரின் கடிதம் கையில் இருக்கட்டும்.