டிப் ராடு பிடிக்கப்போகும் மகளுக்கு

அன்பு மகளே,

எண்ணெய் நிறுவனத்தில் விற்பனை அலுவலர் வேலை உனக்குக் கிடைத்துவிட்டது என்று உன் அப்பா போன் பண்ணிய அன்று ஒர்க்‌ஷாப்பில் எல்லாருக்கும் டீயும் வடையும் வாங்கிக் கொடுத்தேன். முப்பது வருஷமாக எஞ்சினைக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்கிறவன் உன் சித்தப்பா. பங்க்கில் நடக்கும் தப்பு என் கைக்கு வந்துசேரும்போது எல்லாம் முடிந்திருக்கும். நீ அதற்கு முன்னாலேயே போய் நிற்கப்போகிறாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

போன ஐப்பசி மழையில் வாடகைக் கார் ஓட்டுகிற பையன் ஒருவன் வண்டியைக் கட்டி இழுத்துவந்தான். இரவு 2,000 ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டிருக்கிறான். மூன்று கிலோமீட்டர் தாண்டவில்லை, வண்டி குலுங்கிக் குலுங்கி நின்றுவிட்டது. பாவம், பேட்டரி இறங்கும் வரை செல்ஃப் அடித்துப் பார்த்திருக்கிறான். அடிக்க அடிக்கக் கெட்டது உள்ளேதான் போகும். டேங்க்கை வடித்துக் கண்ணாடி ஜாடியில் ஊற்றினேன். அடியில் தனியாக ஒரு படலம் நின்றது. டேங்க் கழுவி, ஃபில்டர், பெட்ரோல் பம்ப், இரண்டு இன்ஜெக்டர் மாற்றி முடிக்க நாலு நாள். அந்த நாலு நாளும் அவனுக்கு வருமானம் இல்லை, கடன் தவணை மட்டும் வந்தது. சாதாரண இன்சூரன்ஸ் இந்த மாதிரிப் பழுதுக்குக் கொடுக்காது. பங்க்கில் போய்க் கேட்டால், மற்றவர்கள் யாரும் புகார் சொல்லவில்லையே என்றார்கள். அவனிடம் பில்லும் இல்லை. ஒன்றும் பேசாமல் திரும்பி வந்து என் ஸ்டூலில் உட்கார்ந்தான். அந்த முகத்தை நீ நினைவில் வைக்க வேண்டும்.

இப்போது விற்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். முன்பெல்லாம் டேங்க்கில் தண்ணீர் இறங்கினால் அடியில் தானாகக் கிடக்கும். எத்தனாலோ தண்ணீரை இழுத்துக்கொள்ளும். ஓர் அளவு வரை கலந்தே இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் உட்கார்ந்துவிடும். மேலே நிற்கிற பெட்ரோலும் எத்தனாலை இழந்து ஆக்டேன் குறைந்துபோகும். இரண்டுமே எஞ்சினுக்கு ஆகாது. ஆகவே மழைக்காலத்தில் முதலில் நிலத்தடி டேங்க்கின் மேன்ஹோலைத் திறக்கச் சொல். உள்ளே தண்ணீர் தேங்கியிருக்கிறதா, மூடியின் வாஷர் நைந்திருக்கிறதா என்று நீயே குனிந்து பார். டேங்க்குக்குள் இறக்கி அளக்கும் டிப் ராடில், தண்ணீர் இருப்பதைக் காட்டத் தடவும் பசையும் எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு உரியதாக இருக்க வேண்டும்.

தண்ணீர் கண்டதும் பங்க்காரரைத் திருடன் என்று நினைத்துவிடாதே. பல இடங்களில் கசிவுதான் காரணம். ஆனால் தெரிந்த பிறகும் நாஸிலை மூடாமல் விற்றால், அது திருட்டு. அங்கே இரக்கம் பார்க்காதே.

வேண்டுமென்றே கலப்பவர்கள் வேறு ரகம். டீசலில் கெரோசின் கலந்தால் வழவழப்புக் குறையும். 1,600 பார் அழுத்தத்தில் வேலை செய்கிற பம்பும் இன்ஜெக்டரும் தேய்ந்து கீறல் விழும். அன்றைக்கே தெரியாது, மாதக்கணக்கில் அரிக்கும். பெட்ரோலில் கலப்படம் இருக்கிறதா என்று ஃபில்டர் பேப்பரில் ஒரு சொட்டு விட்டுக் கறை பார்ப்பது நல்ல சோதனைதான், கேட்கிற வாடிக்கையாளருக்கெல்லாம் பங்க் அதைச் செய்துகாட்டவும் வேண்டும். நீ அதோடு நின்றுவிடாதே. 15 டிகிரிக்கு மாற்றிக் கணக்கிட்ட அடர்த்தி, லோடு இறக்கியபோது எழுதியதிலிருந்து கன மீட்டருக்கு 3 கிலோவுக்கு மேல் விலகினால் சந்தேகப்படு.

இனிச் சொல்லப்போவதை உன் அம்மாவிடம் காட்டாதே. மஞ்சுநாத் சண்முகம் என்று ஒரு பிள்ளை. கோலார் தங்கவயல்காரர், லக்னோ ஐ.ஐ.எம்.மில் படித்து, நீ சேரப்போகிற இதே மாதிரி வேலையில் இந்தியன் ஆயிலில் சேர்ந்தவர். உத்தரப் பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரி மாவட்டத்தில் கலப்படம் செய்த பங்க்குக்கு சீல் வைத்தார். அது மறுபடி திறந்துகொண்டபோது மறுபடி சோதனைக்குப் போனார். 2005 நவம்பர் 19 அன்று சுட்டுக் கொன்றார்கள். வயது 27. அதற்கப்புறம் 2011 ஜனவரி 25 அன்று மகாராஷ்டிரத்தில் மன்மாட் அருகே கூடுதல் கலெக்டர் யஷ்வந்த் சோனவணேயை, எண்ணெய்க் கலப்படத்தைத் தட்டிக்கேட்டார் என்பதற்காக உயிரோடு கொளுத்தினார்கள்.

பயமுறுத்த எழுதவில்லை. இவர்களை நினைக்கும்போது எனக்குக் கை கூப்பத்தான் தோன்றுகிறது, ஆனாலும் நீ தனியாகப் போகாதே. சந்தேகம் உள்ள பங்க்குக்குப் பொழுது சாய்ந்த பிறகு போகவே போகாதே. எங்கே போகிறாய் என்பதைக் கிளம்புமுன் ஆபீசுக்கு எழுத்தில் தெரிவி. மாதிரி எடுத்தால் சாட்சி வைத்து சீல் போடு, அங்கேயே கையெழுத்து வாங்கு. மிரட்டல் வந்தால் பொறுத்துக்கொள்வது பெருமை என்று நினைக்காமல் அன்றைக்கே புகார் கொடு.

புகார்ப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் படி. பில் இல்லாதவன் சொல்வதையும் காது கொடுத்துக் கேள். ஒரே நாளில் இரண்டு வண்டி நின்றதாகத் தெரிந்தால், மூன்றாவதுக்குக் காத்திருக்காமல் டேங்க்கைத் திற.

உன் அப்பாவிடம் 100 மில்லி அளவுக் குடுவை ஒன்று கொடுத்தனுப்பியிருக்கிறேன். 90 மில்லி பெட்ரோலில் 10 மில்லி தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வை. எத்தனால் தண்ணீரோடு கீழே இறங்கி, 10 இருந்த இடத்தில் ஏறக்குறைய 28 நிற்கும். வேலைக்குச் சேருமுன் ஒரு தடவை உன் கையால் செய்து பார். கண்ணாடிக் குடுவை, துணியில் சுற்றி வைத்திருக்கிறேன், பார்த்துப் பிரி.

அன்புடன்,
சித்தப்பா