கழிமுகத்தில் ஒரு பகல்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ஒலிம்பியா நகருக்கு அருகே நிஸ்குவாலி ஆறு கடலோடு கலக்கிறது. அங்குள்ள பில்லி ஃபிராங்க் ஜூனியர் வனவிலங்குப் புகலிடத்தில் 2009-இல் பழைய தடுப்புக் கரைகளை அகற்றி, கடல்நீரை மீண்டும் உள்ளே விட்டார்கள். இலையுதிர் காலத்தில் இங்கே வாத்துகள் கூட்டம் கூட்டமாக வந்திறங்கும்.

நேரம்: கிளம்புமுன் கடல் ஏற்ற வற்ற நேரத்தைப் பார்த்துக்கொள்வது அவசியம். ஏற்றத்தில் வாத்துகள் நடைபாதையை ஒட்டி நீந்தும். வற்றத்தில் சேற்றில் இரை தேடும் பறவைகளைக் காணலாம்.

நடை: கழிமுகத்தின் மேல் செல்லும் மரப்பலகைப் பாதை ஒரு வழிக்குச் சுமார் 1.6 கி.மீ. வாத்து வேட்டைப் பருவத்தில் அதன் கடைசிப் பகுதி மூடப்படும்.

கைப்பை: மழைக்கோட்டு, பைனாகுலர், தண்ணீர்.

நாய்க்கும் சைக்கிளுக்கும் அனுமதியில்லை.