கையால் செய்தால் போதுமா? கண்ணால் பார்த்தால் போதுமா?

நம்பிக்கைகளும் உண்மைகளும்

தொடக்கப் பள்ளியில் செயல்பாடு, களப்பயணம் என்று பேச்செடுத்தாலே பெரியவர்கள் இரண்டு அணியாகப் பிரிந்துவிடுகிறார்கள். 'பாடம் கெட்டுப்போகும்' என்கிறது ஓர் அணி. 'பிள்ளைகளே செய்து பார்த்தால் தானாக வந்துவிடும்' என்கிறது இன்னோர் அணி. இரண்டு பேச்சும் குழந்தைகளுக்கு நல்லது செய்வதில்லை. 5 வயது முதல் 8 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குச் செய்து பார்ப்பதும் நேரில் பார்ப்பதும் அவசியம். ஆனால் அந்தச் செயலோடு சிந்தனையும் சேரும்போதுதான் அது கல்வியாகிறது. அதற்கு ஆசிரியரின் திட்டமும் கேள்வியும் வேண்டும். இதை மனத்தில் வைத்துக்கொண்டு, நம்மிடையே உலவும் சில நம்பிக்கைகளைப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: செயல்பாடு என்பது விளையாட்டு. அது படிப்பு நேரத்தைத் தின்றுவிடும்.

உண்மை: செயல்பாடு என்பது பாடத்துக்கு இடையே கிடைக்கும் இடைவேளை அல்ல. இந்த வயதில் பாடம் நடத்தும் முறையே அதுதான். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், தனது 29ஆம் பிரிவில், செயல்பாடுகள் வழியாகவும் தேடிக் கண்டறிவதன் வழியாகவும் குழந்தை கற்க வேண்டும் என்று வெளிப்படையாகவே சொல்கிறது.

தமிழ்நாட்டுக்கு இது புதிதும் அல்ல. ஆந்திரத்தின் ரிஷி பள்ளத்தாக்கில் உருவான முறையைப் பின்பற்றி, 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. பிறகு மாநிலம் முழுவதும் உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குச் சென்றது. பாய் விரித்து வட்டமாக உட்கார்ந்த பிள்ளைகள், கைக்கெட்டும் தட்டுகளில் அட்டைகள், சுவரின் அடிப்பகுதியில் அவர்களே எழுதும் கரும்பலகை என்று வகுப்பறையின் தோற்றமே மாறியது. 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டமும் 1 முதல் 3ஆம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலைக்கேற்பப் பிரித்து, பாட்டும் கதையும் செயல்பாடுமாகவே கற்பிக்கிறது. 'இதெல்லாம் வேடிக்கை' என்று சொல்லும் பெற்றோர், தம் பிள்ளையின் பாடத்திட்டமே எதன்மேல் கட்டப்பட்டிருக்கிறது என்று ஒருமுறை பள்ளிக்கே போய்ப் பார்ப்பது நல்லது.

நம்பிக்கை 2: பொருளைக் கையில் கொடுத்துவிட்டால் போதும், குழந்தை தானே கண்டுபிடித்துக்கொள்ளும்.

உண்மை: இதுதான் நல்லெண்ணம் கொண்டவர்களையும் ஏமாற்றும் நம்பிக்கை. வழிகாட்டுதலே இல்லாத கண்டுபிடிப்புமுறைக் கற்றலைப் பற்றிய பல பத்தாண்டு ஆய்வுகளை அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் மேயர் 2004இல் தொகுத்துப் பார்த்தார். பிள்ளைகளைத் தனியே விட்டுவிடுவதைவிட, வழிகாட்டுதலோடு கண்டறிய வைப்பதே நல்ல பலன் தருகிறது என்பது அவர் கண்ட முடிவு.

இரண்டாம் வகுப்புக் கணக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். 32இலிருந்து 17ஐக் கழிக்க வேண்டும். பல குழந்தைகள் 25 என்று எழுதுவார்கள். 2இலிருந்து 7 போகாது என்பதால் 7இலிருந்து 2ஐக் கழித்துவிடுகிறார்கள். இப்போது ஈர்க்குச்சிகளைக் கொடுங்கள். பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்ட மூன்று கட்டு, உதிரியாக இரண்டு குச்சி. ஏழு குச்சி எடுக்க வேண்டும், உதிரியில் இருப்பதோ இரண்டு. குழந்தை தயங்கும். அந்தத் தயக்கம்தான் பாடத்தின் உயிர்நாடி. ஒரு கட்டைப் பிரித்தால் உதிரி பன்னிரண்டாகும். அதில் ஏழை எடுத்தால் ஐந்து மிஞ்சும். மீதி இரண்டு கட்டில் ஒன்றை எடுத்தால் ஒரு கட்டு மிஞ்சும். விடை 15.

இத்தோடு நிறுத்தினால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. 'நீ கட்டைப் பிரித்தாயே, அது நோட்டில் எங்கே இருக்கிறது?' என்று ஆசிரியர் கேட்க வேண்டும். 3ஐ அடித்து 2 என்று எழுதுவதும், 2ஐ 12 ஆக்குவதும் அந்தக் கட்டைப் பிரித்த செயல்தான் என்று குழந்தை தன் வாயால் சொல்ல வேண்டும். முதலில் பொருள், அடுத்து படம், பிறகு குறியீடு என்ற இந்த வரிசையை உளவியலாளர் ஜெரோம் புரூனர் 1960களில் விளக்கினார். சிங்கப்பூரின் தொடக்கநிலைக் கணக்குப் பாடங்களும் இந்த வரிசையில்தான் அமைந்திருக்கின்றன. குச்சியிலிருந்து எழுத்துக்கு வரும் பாலத்தைக் கட்டாமல் விட்டால், குச்சி இருந்தால்தான் கணக்கு வரும் பிள்ளையாக அது நின்றுவிடும்.

நம் செயல்வழிக் கற்றலிலும் பிள்ளைகள் உட்கார்ந்த குழுக்களில் முதலாவது, ஆசிரியரின் முழு உதவி பெறும் குழு. அதன் பிறகே பகுதி உதவி, சக மாணவர் உதவி, தானே கற்றல், மதிப்பீடு என்று உதவி படிப்படியாகக் குறைந்தது. ஆசிரியர் ஒதுங்கி நிற்கும் முறை என்று அதைச் சொல்வது தவறு.

நம்பிக்கை 3: நல்ல செயல்பாட்டுக்கு விலை உயர்ந்த, அழகான கருவிகள் வேண்டும்.

உண்மை: கருவி எவ்வளவு கவர்ச்சியாக இருக்கிறதோ, அவ்வளவுக்குக் கவனம் கருவியின் மேலேயே தங்கிவிடலாம். அமெரிக்காவில் 2009இல் வெளியான ஓர் ஆய்வில், பணம் தொடர்பான கணக்குகளைப் போட மேல்தொடக்க வகுப்பு மாணவர்களுக்கு உண்மையான நோட்டு போலவே அச்சிட்ட தாள்களைக் கொடுத்தார்கள். பணமே இல்லாமல் கணக்குப் போட்டவர்களைவிட இவர்கள் அதிகத் தவறு செய்தார்கள். கருத்துப் பிழைகள் அவர்களிடம் ஓரளவு குறைவு என்பதையும் அதே ஆய்வு சொன்னது. ஆகவே கருவியே கூடாது என்பதல்ல. எதற்காக எந்தக் கருவி என்று யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எண்ணுவதற்குப் புளியங்கொட்டை போதும். இடமதிப்புக்கு ஈர்க்குச்சியும் ஆணிமணிச் சட்டமும் போதும். மிதப்பது, மூழ்குவது பற்றிய பாடத்துக்கு ஒரு வாளித் தண்ணீர், ஒரு சின்ன இரும்பு ஆணி, ஒரு பெரிய மரக்கட்டை போதும். 'கனமானது மூழ்கும்' என்றுதான் பெரும்பாலான பிள்ளைகள் சொல்வார்கள். போடுவதற்கு முன்னால் என்ன நடக்கும் என்று ஒவ்வொருவரையும் சொல்ல வையுங்கள். ஆணி மூழ்கி, கட்டை மிதக்கும்போது அவர்கள் கேட்கும் 'ஏன்?' என்ற கேள்வியை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. தூக்கி எறியும் பொருள்களைக்கொண்டே நூற்றுக்கணக்கான அறிவியல் பொம்மைகளை உருவாக்கிக் காட்டிய அரவிந்த் குப்தா நம் நாட்டுக்காரர்தான்.

நம்பிக்கை 4: சில குழந்தைகள் கேட்டால் கற்பார்கள், சிலர் பார்த்தால் கற்பார்கள், சிலருக்குச் செய்தால்தான் ஏறும்.

உண்மை: குழந்தைகளை இப்படி வகைபிரித்து, அந்த வகைக்கேற்பக் கற்பித்தால் கூடுதலாகக் கற்பார்கள் என்பதற்குத் தக்க ஆதாரம் இல்லை என்று 2008இல் ஹரோல்ட் பாஷ்லரும் சக உளவியலாளர்களும் ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினார்கள். செய்வது, பார்ப்பது, கேட்பது, பேசுவது எல்லாமே எல்லாக் குழந்தைக்கும் தேவை.

நம்பிக்கை 5: பள்ளிச் சுற்றுலா வெறும் பொழுதுபோக்கு. திரும்பி வந்தால் ஒன்றும் மிஞ்சாது.

உண்மை: மிஞ்சும். அதற்கு நல்ல சான்று இருக்கிறது. அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் 2011இல் கிரிஸ்டல் பிரிட்ஜஸ் என்ற கலை அருங்காட்சியகம் திறக்கப்பட்டபோது, பள்ளிகளை இலவசமாக அழைத்தார்கள். விண்ணப்பங்கள் குவிந்ததால் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்தார்கள். இதனால் போன பிள்ளைகளையும் போகாத பிள்ளைகளையும் நியாயமாக ஒப்பிட முடிந்தது. 123 பள்ளிகளைச் சேர்ந்த ஏறக்குறைய 11,000 மாணவர்களிடம் ஆய்வு நடந்தது.

பார்வையிட்டது ஒரு மணி நேரம். பொதுவாகக் காட்டியது ஐந்து ஓவியங்கள் மட்டுமே. ஓவியத்தில் என்ன நடக்கிறது என்று பிள்ளைகளையே பேச வைத்தார்கள். தேர்வு எதுவும் இல்லை. ஆனாலும் சில வாரங்கள் கழித்துக் கேட்டபோது, ஓர் ஓவியத்தில் இருப்பவர்கள், அடிமை உழைப்பை நம்பிய சர்க்கரைத் தொழிலை எதிர்த்து மேப்பிள் பாகு காய்ச்சுபவர்கள் என்பதை அதைப் பார்த்தவர்களில் 88 விழுக்காட்டினர் நினைவில் வைத்திருந்தார்கள். ஒரு படத்தை உற்றுப் பார்த்துக் காரணம் சொல்லும் திறனும் கூடியிருந்தது. கிராமப்புற, ஏழை மாணவர்களிடம் பலன் இன்னும் அதிகமாகத் தெரிந்தது.

இந்தக் கடைசிச் செய்தியை நம் பள்ளிகள் ஊன்றிப் படிக்க வேண்டும். பணம் கட்டியவர்களை மட்டும் பேருந்தில் ஏற்றிக்கொண்டு, கட்ட முடியாத பிள்ளையை அன்று வீட்டில் இருக்கச் சொல்வது, அந்தப் பயணத்தால் மிகுந்த பயன் பெறக்கூடிய பிள்ளையையே விட்டுவிட்டுப் போவதாகும். எல்லாரும் போக முடியாத இடம் அந்த வகுப்புக்குரிய இடம் அல்ல.

நம்பிக்கை 6: எவ்வளவு தூரம், எத்தனை இடம் என்பதே நல்ல சுற்றுலாவின் அடையாளம்.

உண்மை: புதிய இடம் குழந்தையைத் திகைக்க வைக்கும். இஸ்ரேல் ஆய்வாளர்கள் ஓரியனும் ஹாஃப்ஸ்டைனும் 1994இல் இதைத் தெளிவுபடுத்தினார்கள். இடம் புதிது, பாடம் புதிது, அன்றைய நாள் எப்படிப் போகும் என்பதும் புதிது. மூன்றும் ஒன்றாகச் சேரும்போது கற்றல் குறைகிறது. எங்கே போகிறோம், எங்கே சாப்பிடுவோம், கழிப்பறை எங்கே இருக்கும், அங்கே எதைத் தேடப் போகிறோம் என்று முன்கூட்டியே படம் காட்டிப் பேசிவிட்டால் குழந்தையின் மனம் பாடத்துக்கு வரும்.

வண்டலூர் உயிரியல் பூங்கா சுமார் 600 ஹெக்டேர். ஆறு வயதுக் கால்களால் அதை முழுவதும் சுற்ற முடியாது, சுற்றவும் வேண்டாம். 'இன்று பறவைகளின் அலகை மட்டும் பார்ப்போம். எந்த அலகு எதைத் தின்ன உதவும்?' என்ற ஒரே கேள்வியோடு போனால் அந்த நாள் நிறைந்துவிடும்.

முதல் இரண்டு வகுப்புகளுக்குப் பக்கத்துத் தெருவே போதும். ஊர் அஞ்சலகத்துக்கு நடந்து போகலாம். அஞ்சலட்டையின் விலை 50 காசுதான். தன் வீட்டு முகவரியைத் தானே எழுதி, பெட்டியில் போட்டு, முத்திரை குத்துவதைப் பார்த்துவிட்டு, எத்தனை நாளில் வீடு வந்து சேர்கிறது என்று எண்ணும் பிள்ளை, மொழியும் கணக்கும் சமூக அறிவியலும் சேர்த்தே கற்கிறது. ஊர்க் கண்மாய், குயவர் வீடு, வாரச் சந்தை, நெல் அரவை ஆலை ஆகியவையும் அப்படித்தான்.

நம்பிக்கை 7: திரும்பி வந்ததும் ஒரு கட்டுரை எழுதச் சொன்னால் வேலை முடிந்தது.

உண்மை: எழுத்து இன்னும் கைவராத பிள்ளைக்குக் கட்டுரை ஒரு தண்டனையாகிவிடும். சுற்றுலா போன இடத்திலேயே பயிற்சித்தாளை நிரப்பச் சொன்னால் கண் பொருளை விட்டுத் தாளுக்குப் போய்விடும். பார்த்ததை வரையட்டும், களிமண்ணில் செய்யட்டும், நடித்துக் காட்டட்டும், வட்டமாக உட்கார்ந்து பேசட்டும். அவர்கள் சொல்வதை ஆசிரியர் கரும்பலகையில் எழுதினால் அதுவே வாசிப்புப் பாடமாகும்.

நம்பிக்கை 8: பெற்றோரின் ஒப்புதல் கடிதம் வாங்கிவிட்டால் பாதுகாப்பு உறுதி.

உண்மை: கடிதம் எந்தக் குழந்தையையும் காப்பாற்றாது. 2024 ஜனவரி 18 அன்று குஜராத்தின் வதோதராவில், ஹர்ணி ஏரிக்குச் சுற்றுலா போன பள்ளிக் குழந்தைகளின் படகு கவிழ்ந்தது. 12 மாணவர்களும் 2 ஆசிரியர்களும் இறந்தார்கள். அளவுக்கு மேல் ஆள் ஏற்றப்பட்டிருந்தது. பலருக்கு உயிர்காப்புக் கவசம் இல்லை.

ஆசிரியர் ஒருவர் முன்கூட்டியே போய் இடத்தைப் பார்த்து வர வேண்டும். ஒவ்வொரு சிறு குழுவுக்கும் பெயர் சொல்லி ஒரு பெரியவரைப் பொறுப்பாக்க வேண்டும். பேருந்தில் ஏறும்போதும் இறங்கும்போதும் தலை எண்ண வேண்டும். ஒவ்வாமை, வலிப்பு உள்ள குழந்தைகளின் விவரமும் மருந்தும் உடனிருக்க வேண்டும். கவசம் இல்லாத படகில், எத்தனை பிள்ளைகள் அழுதாலும், ஏற்றக் கூடாது. அந்த இடத்தில் 'வேண்டாம்' என்று சொல்லும் அதிகாரத்தைத் தலைமையாசிரியர் உடன் போகும் ஆசிரியருக்குப் புறப்படும் முன்பே கொடுத்துவிட வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பள்ளியிலிருந்து சுற்றுலாச் சுற்றறிக்கை வந்தால், 'எவ்வளவு கட்ட வேண்டும்?' என்பதோடு இன்னும் மூன்று கேள்விகள் கேளுங்கள். என் பிள்ளை அங்கே எதைப் பார்க்கப் போகிறது? போவதற்கு முன்னும் பின்னும் வகுப்பில் என்ன நடக்கும்? வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் வருகிறார்களா? பள்ளி மேலாண்மைக் குழு உள்ள பள்ளி என்றால், அதன் கூட்டத்திலும் இந்தக் கேள்விகளை எழுப்பலாம். மூன்றுக்கும் தெளிவான பதில் சொல்லும் பள்ளியை நம்பிப் பிள்ளையை அனுப்புங்கள்.