மறையாத வெள்ளி

வெள்ளியை மக்கள் நெடுங்காலமாகப் போற்றி வருகின்றனர். அணியாகவும் நாணயமாகவும் உண்கலமாகவும் அது பயன்பட்டது. அதற்கு மற்றோர் ஆற்றலும் உண்டு. நோய் விளைக்கும் நுண்ணுயிர்களை அது கொல்ல வல்லது. இவ்வாற்றலை மிகுவிக்க விரும்பிய அறிவியலார், வெள்ளியை மிக நுண்ணிய துகள்களாக ஆக்கினர். அவையே வெள்ளி நானோத் துகள்கள்.

ஒரு மீட்டரை நூறு கோடிக் கூறுகளாக்கினால் அவற்றுள் ஒரு கூறு ஒரு நானோமீட்டர் ஆகும். 1 முதல் 100 நானோமீட்டர் வரை அளவுள்ளவற்றை நானோத் துகள்கள் என்பர். வெல்லக் கட்டியினும் வெல்லத் தூள் விரைந்து கரைவதை நாம் அறிவோம். பொருள் நுணுகுந்தோறும் அதன் மேற்பரப்பு பெருகுவதே அதற்குக் காரணம். ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள வெள்ளிக் கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதனையே 10 நானோமீட்டர் பக்கமுள்ள கனசதுரங்களாகப் பகுத்தால், மொத்த மேற்பரப்பு 600 சதுர மீட்டராகிவிடும். எடை மாறவில்லை, தண்ணீரைத் தீண்டும் பரப்பு மட்டும் பத்து இலட்சம் மடங்கு ஆயிற்று.

இத்துகள்களைப் புண்ணுக்குக் கட்டும் துணியிலும், நாற்றம் தோன்றாதிருக்கக் காலுறையிலும் சேர்க்கின்றனர். துணியை வெளுத்தால் இவை என்னாகும்? 2008ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர் வெள்ளி சேர்த்த காலுறைகளை நீரிலிட்டுக் கழுவிப் பார்த்தனர். சில காலுறைகள் ஒரு சில கழுவல்களிலேயே தம் வெள்ளியில் பெரும்பகுதியை இழந்தன.

நீரை அடைந்த துகள் ஒரே நிலையில் நிற்பதில்லை. ஆக்சிஜன் கலந்த நீரில் அது மெல்லக் கரைந்து அயனிகளை வெளிவிடும். உப்பு மிகுந்த நீரில் துகள்கள் ஒன்றோடொன்று திரண்டு அடியில் படியும். மக்கிய இலைதழைகளின் சாறு மேலே படிந்தால், அவை திரளாமல் நெடுநாள் மிதத்தலும் உண்டு. கழிவுநீரில் உள்ள கந்தகத்தோடு கூடினால் வெள்ளி சல்பைடு ஆகும். இது கரைதற்கு அரியது. ஆதலின் இதன் நஞ்சும் குறைவு. எனினும் வெள்ளி ஒழிந்துவிடவில்லை; கசட்டில் தங்கியிருக்கிறது.

இதனால் மீனுக்கு விளையும் தீங்கு யாது? நன்னீரில் உள்ள உப்பினும் மீனின் உடலில் உள்ள உப்பு மிகுதி. அது நீரிலே ஓயாது கசிந்து போகும். அவ்விழப்பை ஈடுசெய்ய மீன் தன் செவுள் வழியே சோடியத்தை இடைவிடாது உட்கொள்கிறது. வெள்ளி அயனி அச்செயலைத் தடுத்துவிடும். உடலில் உப்பு குன்றவே மீன் நலிகிறது.

குடுவையில் காண்பது இயற்கை நீர்நிலையிலும் நிகழுமா? இதனை அறியக் கனடா நாட்டின் ஒன்டாரியோ மாநிலத்தில், ஆய்வுக்கென ஒதுக்கப்பட்ட ஏரிகளுள் ஒன்றைத் தேர்ந்தனர். 222 என்னும் எண்ணுடைய அவ்வேரியில், 2014, 2015 ஆகிய ஆண்டுகளில் பனி உறையாத மாதங்களில் 15 கிலோகிராம் வெள்ளி நானோத் துகள்களைச் சிறிது சிறிதாகச் சேர்த்தனர். ஒரு லிட்டர் நீரில் இருந்த வெள்ளி சில மைக்ரோகிராம் அளவினதே. ஆயினும் பெர்ச் என்னும் சிறு மீன்களின் செவுளிலும் கல்லீரலிலும் தசையிலும் வெள்ளி விரைவில் சேர்ந்தது. அவற்றை இரையாகக் கொள்ளும் பைக் என்னும் பெருமீன்களின் கல்லீரலிலோ அது மிகுதியாகக் காணப்பட்டது. பெர்ச் மீன்களின் தொகையும் குறைந்தது. துகள் சேர்ப்பதை நிறுத்திய பின்னும், கல்லீரலில் தங்கிய வெள்ளி மெல்லவே நீங்கிற்று.

கிருமியைக் கொல்லும் குணமும் மீனை நலிவிக்கும் குணமும் வெவ்வேறானவை அல்ல. புண்ணை ஆற்றும் இடத்தில் நன்மையாவது, ஏரியில் தீமையாகிறது. ஆகவே வெள்ளியை வெறுத்தல் வேண்டா. வேண்டாத இடத்தில் வழங்குதலே தவிர்க்கத்தக்கது. புதிய பொருள் ஒன்றைக் காணும்பொழுது, 'இதன் பயன் யாது?' என்று வினவுவதோடு நின்றுவிடலாகாது. 'பயன் முடிந்த பின் இஃது எங்கே செல்லும்?' என்றும் வினவுதல் வேண்டும். வாய்க்காலில் ஊற்றிய நீர் நம் கண்ணுக்கு மறையலாம். அதிலுள்ள வெள்ளி மறைவதில்லை.