டிஸ்சார்ஜ் சீட்டில் இந்த எண்ணையும் பாருங்கள்

ஜிப்மரோ, தனியார் மருத்துவமனையோ, டிஸ்சார்ஜ் ஆகும்போது பில்லைச் சரிபார்ப்பதுபோல நோயின் பெயரையும் சரிபாருங்கள். சில சீட்டுகளில் அதன் பக்கத்தில் ஒரு குறியீடு இருக்கும். ஐ10 என்றால் ரத்தக்கொதிப்பு. இ11 என்றால் பெரும்பாலோருக்கு இருக்கும் இரண்டாம் வகைச் சர்க்கரை. அதுவே இ10 ஆனால் முதல் வகை. ஓர் எண் மாறினால் நோயே மாறிவிடும், காப்பீட்டுப் பணம் கேட்கும்போது சிக்கல் வரும். மாரடைப்புக்கு ஐ21 வர வேண்டிய இடத்தில் வெறும் நெஞ்சுவலிக்கான ஆர்07 இருந்தால் விடாதீர்கள், கேளுங்கள். தவறு கண்டால் நீங்களே பேனாவால் திருத்த வேண்டாம். டாக்டரிடம் சொல்லி, கையெழுத்து, முத்திரையோடு திருத்தி வாங்கிய பிறகே வீட்டுக்குக் கிளம்புங்கள்.