இருப்புப்பாதையும் தென்சென்னையும்

நகரங்கள் ஆற்றங்கரையில் வளர்ந்தன என்று பாலபாடத்திற் படித்திருக்கிறோம். தென்சென்னையிலோ இருப்புப்பாதையே ஆறாயிற்று. 1856-ஆம் ஆண்டு இராயபுரத்தினின்றும் முதற் புகைவண்டி புறப்பட்டது வடக்கேதான். தெற்கே மாறுதல் விளைத்தது, 1931-இல் கடற்கரை நிலையத்திற்கும் தாம்பரத்திற்கும் இடையே ஓடத் தொடங்கிய மின்சார வண்டியேயாம். அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, 1920-களில், மாம்பலத்தில் ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகர் அமைக்கத் தொடங்கியிருந்தனர். அங்கே குடியேறிய உத்தியோகஸ்தர், காலையில் வண்டியேறிக் கோட்டைப் பக்கம் சென்று மாலையில் மீளலாயினர். நிலையத்தின் வாயிலிலிருந்து கிழக்கே செல்லும் ரங்கநாதன் தெரு இன்று கடைகளால் மூச்சுத் திணறுவதும் அவ்வண்டியின் கைங்கரியமே.

நிற்க. பெசன்ட் நகரோ அடையாற்றுக்குத் தெற்கே, அப்பாதைக்கு வெகு கிழக்கே, கடலோரத்தில் உள்ளது. ஊரூர்க் குப்பத்து மீனவர் பண்டே அங்கு வாழ்ந்தனர். ஏனையோர் வீடுகள் பெருகியது 1970-களிலேதான். அதனை வளர்த்தது பேருந்து. 1997-இல் மயிலாப்பூரை எட்டிய பறக்கும் ரயில், 2007-இல் திருவான்மியூர் வழியே வேளச்சேரி சென்றபோதும் இதற்கு மேற்கே ஒதுங்கியே போயிற்று. இங்குள்ளோர் போற்றும் அமைதிக்கு இவ்விலகலும் ஒரு காரணம் என்பது நம் கருத்து. ஆயின், தொலைவினின்றும் இங்கு வேலைக்கு வருவோர், திருவான்மியூரிலோ இந்திரா நகரிலோ இறங்கி, பின்னும் ஒரு பேருந்துக்குக் காத்து நிற்கின்றனர்.